பிள்ளையின் சொல் அம்பலம் ஏறிய வழக்கு

ஒரு பிள்ளைக்கு இருவர் உரிமை பேசி அம்பலம் ஏறுவது உலகத்துக் கதைகளுள் மிகப் பழையதொன்று. விவிலியத்திலே சாலொமோன் அரசன் முன்னிலையில் இரு பெண்டிர் ஒரு மதலையைக் குறித்து வாதிட்டனர். அரசன் வாளைக் கொணர்க என்றான். புத்த சாதகக் கதைகளுள் ஒன்றாகிய உம்மக்க சாதகத்திலே, பிள்ளையைத் தின்னும் வேட்கையினளாகிய இயக்கி ஒருத்தி பெண் வடிவிற் போந்து தாயுரிமை பேச, மகோசத பண்டிதன் நிலத்திலே கோடு கீறி, அதன்மேற் பிள்ளையைக் கிடத்தி, ஒருத்தியைக் கையிலும் மற்றவளைக் காலிலும் பற்றி இழுக்கச் சொன்னான். சீன நாட்டு நாடகத்திலே அக்கோடு வட்டமாயிற்று. செருமானிய நாடகாசிரியர் பிரெக்ட் அவ்வட்டத்தைக் கோக்கேசிய மலைநாட்டுக்குக் கொண்டு சென்றார். பெற்றவள் விடாது இழுக்க, வளர்த்தவள் கை நெகிழ்ந்தாள் என்று பழங்கதையைத் தலைகீழாகவும் மாற்றினார். அதனை ஹென்றி ஜயசேன சிங்களத்திலே ‘ஹுணுவட்டயே கதாவ’ என்னும் பெயரால் 1967ஆம் ஆண்டில் மேடையேற்றியதும், அந்நாடகம் இந்நாட்டுப் பாடசாலை மாணவர் வரை சென்று பரவியதும் பலரும் அறிந்தவை.

இக்கதைகள் யாவற்றுக்கும் பொதுவாய் நிற்பதொன்று உண்டு. வாள் வந்தது, கோடு வந்தது, வட்டம் வந்தது. பிள்ளையை நோக்கி, ‘நீ யாரிடம் போக விரும்புகின்றாய்?’ என்று வினவியவர் ஒருவரும் இலர். பாலுண்ணும் மதலை என்ன விடை பகரும் என்பீர்களாயின், அது முறையே. கதை செய்தோரும் அதனை உணர்ந்தே மதலையைத் தெரிந்தெடுத்தனர் போலும். பிள்ளை வாய் திறவாதாயின் நீதிபதியின் நுண்ணறிவுக்கு இடம் பெரிது. ஆனால், வழக்கிலே அகப்படும் பிள்ளைகள் எல்லாரும் மதலைகள் அல்லர். பதினான்கு வயதுப் பிள்ளையும் பதினேழு வயதுப் பிள்ளையும் வழக்குக்கு உள்ளாதல் உண்டு. அத்தகைய பிள்ளைகளையும் கேளாமலே அவர்தம் வாழ்விடத்தை முடிவு செய்த காலம் நெடிது. ‘அவரைக் கேட்டிருத்தல் வேண்டும்’ என்று மிக உயர்ந்த மன்றமொன்று உரைத்த வழக்கு நம் அயலிலே, சென்னை அடையாற்றிலே தோன்றியது. சட்டம் பயின்றோர் அதனை நன்கறிவர். தமிழ் பயில்வோர்க்கு அது அத்துணைப் பழக்கமுடையதன்று. ஆதலின் ஈண்டுச் சற்று விரித்துரைக்கக் கருதுகின்றேன்.

அதற்கு முன்னே நம் இலக்கியத்தை ஒருகால் நோக்குவோம். திருநாவலூரிலே சடையனார் மனையில் உதித்த நம்பியாரூரர் தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடுகையில், அவ்வழி வந்த நரசிங்கமுனையரையர் கண்டார், காதல் கொண்டார், சடையனாரிடஞ் சென்று நட்புரிமையினால் வேண்டிப் பெற்று, தம் மகனென வளர்த்தார். இப்பகுதியைப் பாடஞ் சொல்லும்போது அரசரது அன்பின் பெருக்கையே விரித்துரைப்பது எம்மனோர் வழக்கம். சேக்கிழார் பெருமான் இதனை மிகச் சுருங்கச் சொல்லிக் கடந்து செல்கின்றார். ஈன்ற இசைஞானியாரின் உள்ளம் யாதாயிற்று, சிறுதேரை விட்டு அரண்மனைக்குச் சென்ற பிள்ளையின் உள்ளம் யாதாயிற்று என்பனவற்றை அவர் விரிக்கவில்லை. காவியத்தின் போக்குக்கு அவை வேண்டா. ஆயின், அதே பிள்ளை வளர்ந்து மணக்கோலங் கொண்டு நிற்கையில், கிழவேதியர் ஒருவர் வந்து ஆளோலை நீட்டுகின்றார். பாட்டனார் தமக்கும் தம் மரபினர்க்கும் சேர்த்து எழுதிக் கொடுத்ததாகக் கூறப்படும் ஓலை அது. தான் பிறவாத காலத்தே தன்னைக் கேளாது பிறர் எழுதிய ஓலை தன்னைக் கட்டுமோ என்பதன்றோ அங்கே கிடக்கும் வினா? அந்தணர்க்கு அந்தணர் அடிமையாதல் உண்டோ என்று நம்பி வாதிட்டார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூல ஓலையைக் கண்டு, கையெழுத்தை ஒப்புநோக்கி, கிழவர் பக்கமே தீர்த்தனர். இறைவன் தடுத்தாட்கொண்ட இடமாதலின் நாம் கசிந்து படிக்கின்றோம். ஆயினும் அதனை ஒரு வழக்காகவே, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் முறையெல்லாம் பொருந்த, சேக்கிழார் அமைத்துள்ளார் என்பதை மறத்தலாகாது.

மணிமேகலையிலும் இத்தகைய பிணக்கு ஒன்று உண்டு. பேத்தியைக் கணிகையர் தொழிலுக்கு அழைக்கின்றாள் சித்திராபதி. அவளை அனுப்ப மறுக்கின்றாள் மாதவி. மணிமேகலை தனக்கு மகள் அல்லள், கண்ணகிக்கே மகளாவாள் என்று மாதவி உரைப்பது நம் காவியங்களுள் காணும் தாயுரிமைப் பேச்சுக்களுள் மிக வியப்பானது. தன் உரிமையைத் துறப்பதனாலேயே பிள்ளையைக் காப்பாற்றுகின்றாள். அப்பேச்சு நிகழும்போது மணிமேகலை அருகிருந்து மாலை தொடுத்துக்கொண்டிருக்கின்றாள். அவள் வாய் திறக்கவில்லை. கண்ணீர் மாலையில் வீழ்ந்து அதன் தூய்மை கெட, வேறு மலர் கொய்துவர அனுப்பப்படுகின்றாள். பின்னரே, தன் வழியைத் தானே தெரிந்துகொள்கின்றாள். சாத்தனார் அக்கண்ணீரைக் காட்டியதை நாம் பெரிதும் போற்றுதல் வேண்டும். பெரியோர் இருவர் தன்னைக் குறித்து வழக்காடுகையில் பிள்ளை எங்கே இருந்தது என்று எண்ணிப் பார்த்த புலவர் அவர்.

கடற்கரையிற் கண்ட பிள்ளை

இனி அடையாற்று வழக்குக்கு வருவோம். ஆந்திர நாட்டு மதனப்பள்ளியைச் சார்ந்த ஜிட்டு நாராயணய்யா என்னும் தெலுங்கு அந்தணர் அரசாங்க வருவாய்ப் பகுதியிற் பணி செய்து இளைப்பாறியவர். பிரமஞான சபையிலே நெடுங்கால உறுப்பினர். அவர்தம் மக்களுள் எட்டாவதாகப் பிறந்தமையாற் கண்ணபிரான் பெயர் பெற்றவர் கிருஷ்ணமூர்த்தி. பிறந்த ஆண்டு 1895. அவர்க்கு மூன்றாண்டு இளையவர் நித்தியானந்தர். தாயார் சஞ்சீவம்மா 1905ஆம் ஆண்டில் இறந்தார். குறைந்த ஓய்வூதியமும் தாயற்ற பிள்ளைகளுமாகத் தளர்ந்த நாராயணய்யா, அன்னி பெசன்ட் அம்மையாரிடம் வேண்டி, சபையின் தலைமை நிலையமாகிய அடையாற்றிலே ஒரு வேலை பெற்று, 1909ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பிள்ளைகளுடன் அங்கே குடிவந்தார்.

அவ்வாண்டிலே, சபையின் முதன்மையாளருள் ஒருவராகிய லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையிலே கிருஷ்ணமூர்த்தியைக் கண்டு, இப்பிள்ளை உலகிற்குக் குருவாக வரவுள்ள மகானுக்கு உடலாகும் தகுதியுடையவன் என்று கூறினார். அப்பொழுது அப்பிள்ளை மெலிந்து, நோயுற்று, பாராமுகமாய்த் திரிந்தவர். பாடசாலையிலே அவரை மந்தன் என்று கருதிய ஆசிரியர் நாள்தோறும் பிரம்பினால் அடித்து வெளியே நிறுத்தினார் என்பர். எம் தொழிலைச் சார்ந்தோர்க்கு இச்செய்தி உவகை தருவதன்று. உலகப் புகழ் பெற்ற பேச்சாளராகப் பின்னர் விளங்கிய ஒருவரை அடையாளங் கண்டது ஆசிரியர் அன்று. அடையாளங் கண்டவர் சொன்ன காரணமோ நம்மிற் பலர் ஏற்கத் தக்கதும் அன்று.

பிள்ளைகள் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டுச் சபையாரால் வளர்க்கப்பட்டனர். 1910ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் நாராயணய்யா ஒரு கடிதத்திற் கையொப்பமிட்டார். அதனால் இருவரின் பாதுகாவலும் பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நரசிங்கமுனையரையர் சடையனாரிடம் பிள்ளையை வேண்டியதும், நம்பியின் பாட்டனார் எழுதிய ஓலையும் ஒருங்கே நினைவுக்கு வருமாறு அமைந்த நிகழ்ச்சி இது. 1911ஆம் ஆண்டிலே கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு கீழ்த்திசை நட்சத்திர சங்கம் என்பதொன்று தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலும், மீண்டும் 1912ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், பிள்ளைகள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

தந்தையின் மனம் இதற்குள் மாறிவிட்டது. லெட்பீட்டரைக் குறித்து அவர்க்குப் பெரும் ஐயம் எழுந்தது. 1906ஆம் ஆண்டிலேயே, சிறுவர்க்குத் தகாத அறிவுரை கூறினார் என்னும் பழியினாற் சபையினின்றும் விலகிப் பின்னர் மீண்டவர் அவர். அதற்கு மேலாக, தம் மகனைத் தெய்வமாக்குதல் தம் குலத்தை நகைப்புக்கு இடமாக்கும் என்றும் நாராயணய்யா கருதினார். பிள்ளைகளைத் திருப்பித் தருக என்றார். அம்மையார் தரவில்லை. 1912ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அது சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

சென்னையில் நடந்தது

அக்காலத்துச் சென்னையை இவ்வழக்குப் போலக் கலக்கியவை சிலவே. தந்தையின் பொருட்டு வாதிட்டவருள் ஒருவர் சி. பி. இராமசாமி ஐயர். பெசன்ட் அம்மையார் சட்டத்தரணி எவரையும் வைத்துக்கொள்ளாது தாமே எழுந்து தம் கட்சியைப் பேசினார். இவ்வழக்கிலே எதிரெதிர் நின்ற இவ்விருவரும் சில ஆண்டுகள் கழிந்தபின் சுயாட்சி இயக்கத்திலே ஒருவர்க்கொருவர் துணையாயினர் என்பது வரலாற்றின் விளையாட்டு. புதுச்சேரியிலே இருந்த பாரதியார், அம்மையாரின் இயக்கத்தை எள்ளி, பொன்வால் நரி என்னும் கதையை ஆங்கிலத்தில் எழுதி 1914ஆம் ஆண்டில் வெளியிட்டதும் இப்பரபரப்பின் அயலிலேயே ஆகும்.

அம்மையார்க்குத் தம் குழந்தையைத் தாமே வழக்கினால் இழந்த பட்டறிவும் உண்டு. இங்கிலாந்திலே கணவரைப் பிரிந்து வாழ்ந்த காலத்தில், சமயக் கொள்கையைக் காரணங்காட்டி, நீதிமன்றம் அவர்தம் சிறு மகளை 1878ஆம் ஆண்டில் அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. அம்மகள் வயது வந்ததும் தாயிடமே மீண்டு வந்தாள். ஒரு தாயாய் நீதிமன்றத்திலே பிள்ளையை இழந்தவர், பிறிதொரு தந்தையின் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளப் போராடியதை யாங்ஙனம் மதிப்பிடுவது? அவரைப் பழிப்போரும் போற்றுவோரும் இதனை அவரவர்க்கு ஏற்பவே எடுத்துரைப்பர். எனக்குத் தோன்றுவது, அவர் இரண்டு வழக்கிலும் தம் உள்ளத்துக்கு உண்மையாகவே நின்றார் என்பது. ஆயின் நாராயணய்யாவின் நிலையிலே ஒருகால் தாமே நின்றிருந்ததை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரல்லர்.

நீதிபதி பேக்வெல் 1913ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே தீர்ப்புரைத்தார். லெட்பீட்டர் மீது தந்தை கூறிய இழிந்த குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றார்; எனினும், அவர் சிறுவர்க்கு ஆசிரியராக இருக்கத் தக்கவர் அல்லர் என்றுங் கொண்டார். பிள்ளைகளை நீதிமன்றத்தின் பாதுகாவலுக்கு உட்பட்டவர் எனச் சாற்றி, அவர்களைக் குறித்த நாளுக்குள் தந்தையிடம் ஒப்படைக்குமாறு அம்மையார்க்குக் கட்டளையிட்டார். மேன்முறையீட்டிலும் சென்னை நீதியரசர்கள் அதனையே உறுதி செய்தனர்.

இத்தீர்ப்பினுள்ளே ஒரு நுண்மை கிடந்தது. அக்காலத்து இந்தியச் சட்டப்படி ஒருவன் பதினெட்டு வயதிலே உரிய வயதடைவான். நீதிமன்றம் பாதுகாவலர் ஒருவரை நியமித்துவிட்டாலோ இருபத்தொரு வயது வரை இளையனாகவே கருதப்படுவான். கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு நிறைவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. அவர் தம்மைத் தாமே ஆளும் உரிமை பெறவேண்டிய வாயிலிலே நீதிமன்றத்தின் பாதுகாவல் வந்து குறுக்கிட்டது. இவ்வளவு நிகழ்ந்தும், பதினேழு வயதினராகிய அவரையாவது பதினான்கு வயதினராகிய தம்பியாரையாவது ‘உங்கள் விருப்பம் யாது?’ என்று சென்னையிலே கேட்டவர் இலர். அவர்கள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தனர். அவர்கள் சார்பிலே தனித்து எவரும் அம்மன்றத்தில் நிற்கவுமில்லை. தந்தை ஒரு கட்சி, அம்மையார் ஒரு கட்சி. நடுவே இருந்த பொருளுக்குக் கட்சி இல்லை.

கோமறைக் கழகம் உரைத்தது

அம்மையார் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது கோமறைக் கழகத்துக்கு, மேன்முறையிட்டார். 1914ஆம் ஆண்டு மே மாதத்திலே அக்கழகம் சென்னைத் தீர்ப்பைத் தள்ளியது. வாட்டிங்டன் பார்க்கர் பிரபு அதன் காரணங்களை உரைத்தார். அவற்றை நம் சொல்லிலே கூறுவோம்.

முதலாவது, பாதுகாவலைப் பற்றியது. இந்துத் தந்தை தன் மக்களுக்கு இயற்கைப் பாதுகாவலன். அப்பொறுப்பைப் பிறர்க்கு ஒருகாலும் மீளா வகையில் எழுதிக் கொடுத்துவிட இயலாது. வளர்ப்பையும் கல்வியையும் ஒருவரிடம் ஒப்புவிக்கலாம், வேண்டுமிடத்து மீட்டுக்கொள்ளலாம். இதுவரை தந்தையின் பக்கமே. ஆனால் அடுத்து வருவதே இத்தீர்ப்பின் உயிர்நிலை. அவ்வொப்புவிப்பினால் பிள்ளைகளுக்குப் புதிய தொடர்புகளும் எதிர்பார்ப்புகளும் உண்டாகி, அவற்றைக் குலைத்தல் அவர்தம் நன்மைக்கு ஊறாகுமாயின், தந்தை மீட்டுக்கொள்வதை நீதிமன்றம் தடுக்கும் என்றனர். தந்தையின் சொல்லோ, எழுதிய கடிதமோ இங்கே அளவுகோல் அன்று. பிள்ளையின் வாழ்வு எங்கே வேரூன்றியுள்ளது என்பதே அளவுகோல். ஓலையை நோக்கித் தீர்த்த திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கும் இதற்கும் உள்ள தொலைவை மாணவர் உய்த்துணர்வாராக.

அடுத்தது இடத்தைப் பற்றியது. பாதுகாவலர் பற்றிய 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக உறையும் மாவட்டத்தின் நீதிமன்றமே அதனை விசாரித்தற்குரியது. பல மாதத்துக்கு முன்னரே இந்தியாவை விட்டு, இங்கிலாந்திலே கல்வி கற்று ஒக்சுபோட்டுப் பல்கலைக்கழகம் புகும் நோக்கோடு சென்ற பிள்ளைகளைச் செங்கற்பட்டிலே உறைவோர் என்று கொள்ளுதல் இயலாது என்றனர். (அப்பல்கலைக்கழகம் அவர்களைப் பின்னர் ஏற்கவில்லை என்பது வேறு கதை.)

மூன்றாவது நம் பொருள். அவர்கள் இந்தியாவுக்கு மீள விரும்பவில்லை. அவ்விருப்பம் யாது என்று அறியாமலும், அவர்தம் நன்மை தனித்து எடுத்துரைக்கப்படாமலும் அத்தகைய கட்டளை பிறந்திருத்தலாகாது. ‘பிள்ளைகளைக் கொணர்ந்து ஒப்படை’ என்று அம்மையார்க்கு இட்ட கட்டளையை, பிள்ளைகள் மறுத்தவிடத்து, அவர் எங்ஙனம் நிறைவேற்றுவார்? வலிந்து கப்பலேற்றினால் இங்கிலாந்துச் சட்டமே அவர்மேற் பாயும். அந்நாட்டிலே சிறைமீட்பு ஆணை கோரி வரும் வழக்குகளில், ஆணாயிற் பதினான்கும் பெண்ணாயிற் பதினாறும் விவேக வயது எனக்கொண்டு, அவ்வயதைக் கடந்த பிள்ளையை மன்றம் தானே வினவி, அவன் போக விரும்பும் வழியே விடுதல் முன்னரே வழக்கமாய் இருந்தது.

சென்னை நீதிமன்றம் அறியாத புதுமையன்று இது. முற்கூறிய 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதினேழாம் பிரிவு, அறிவோடு தெரிந்தெடுக்கும் வயதை அடைந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று கூறுகின்றது. ஆனால் வழக்கு அச்சட்டத்தின்படி தொடுக்கப்படாமல் பொது வழக்காகத் தொடுக்கப்பட்டது. கதவு இருந்தது; எவரும் அவ்வழி செல்லவில்லை.

கேட்டல் எளிதோ?

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்புதல் வேண்டும். தீர்ப்பைப் போற்றுவோர் பலர் அதனைக் கடந்து செல்கின்றனர். ஈராண்டுக்கு மேலாக அம்மையாரின் அன்பிலும், இங்கிலாந்துச் செல்வர் மனைகளின் வசதியிலும், ‘நீ உலகிற்குக் குரு’ என்னும் துதியிலும் வாழ்ந்த பிள்ளைகள், ‘மீள விரும்பவில்லை’ என்றால், அது யாருடைய விருப்பம்? யார் கையிற் பிள்ளை இருக்கின்றதோ அவர்தம் சொல்லே பிள்ளையின் வாயில் வந்துவிடும் என்று நாராயணய்யா முறையிட்டிருப்பின், அதனைப் புறக்கணித்தல் இயலாது. அம்மையாரைத் தாயினும் மேலாகக் கிருஷ்ணமூர்த்தி நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நேசமும் ஒருவகைக் கட்டே.

முப்பது ஆண்டாக வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் இதனை நான் சிறிது அறிவேன். பெற்றோர் பிரிந்து வாழும் மாணவன் ஒருவன் என்னிடம் பயின்றான். தந்தையார் பாடசாலைக்கு வந்து நிற்கும் நாளில் அவன் தந்தையோடு இருக்க விரும்புவதாகச் சொல்வான். தாயின் தமையனார் வந்த நாளில், ‘அம்மாவோடதான் இருப்பன், சேர்’ என்பான். இரண்டும் பொய்யல்ல. எதிரே நிற்பவர் முகம் வாடலாகாது என்னும் இரக்கம் அது. பெரியோர் அதனை விருப்பம் என்று எழுதிக்கொள்கின்றனர். ஒரு நாள் நூலகத்திலே தனித்திருக்கையில், நான் ஒன்றும் வினவாதபோதே, தன் ஆட்டுக்குட்டி தந்தை வீட்டில் நிற்பதாயும், தங்கை தாய் வீட்டில் இருப்பதாயும் கூறி, தங்கை தனியே உறங்க அஞ்சுவாள் என்றான். அவன் எங்கே இருக்க விரும்பினான் என்பது அதிலே கிடந்தது. ‘அப்பாவா, அம்மாவா?’ என்னும் வினாவுக்கு அது விடையன்று; அவ்வினாவே பிழையானது என்பதற்கு அது விடை.

ஆதலினாலே பிள்ளையின் சொல்லைக் கேட்டல் வேறு, அதன் தலையிலே தீர்ப்பைச் சுமத்தல் வேறு. கோமறைக் கழகத்தாரும் பிள்ளைகள் விரும்பியதே சட்டம் என்றாரல்லர். அறியாது தீர்த்தல் கூடாது என்றே கூறினர். பிள்ளைக்குத் தன் விருப்பத்தை உரைக்கும் உரிமை உண்டு. தந்தையையோ தாயையோ தள்ளியவன் என்னும் பழியைச் சுமக்கும் கடன் இல்லை. நீதிபதி திறந்த மன்றத்தை விட்டுத் தம் அறைக்கு அழைத்து, இரு கட்சியாரையும் வெளியே நிறுத்திப் பிள்ளையோடு உரையாடுதல் இதன் பொருட்டே.

நம் நாட்டு வழமையும் சட்டமும்

இலங்கையிலே பிள்ளையின் கட்டுக்காப்புப் பெரும்பாலும் உரோம-டச்சுச் சட்டத்தின்பாற்பட்டது. அச்சட்டம் தந்தையை முன்வைத்தது. நம் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலம் என்னும் அளவுகோலைப் படிப்படியாக உயர்த்தித் தந்தையின் முதன்மையைத் தளர்த்தின. யாழ்ப்பாணத்தார்க்குத் தேசவழமை என்னும் தனிச்சட்டம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை 1706, 1707ஆம் ஆண்டுகளில் நம் முன்னோர் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். முதலியார் பன்னிருவர் அதனை நோக்கி ஒப்பினர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் பிரமாணத்தால் அதற்கு வலுவளித்தனர். சொத்துரிமை நூலென்றே அதனைப் பலரும் எண்ணுவர். ஆயின், தாய் இறந்து தந்தை மறுமணஞ் செய்ய விரும்புமிடத்து, இளம் பிள்ளைகளைத் தாயைப் பெற்ற பாட்டியாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பர் என்றும், அப்பொழுது தாயின் சீதனம் முழுவதையும் மணவாழ்வில் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளோடு ஒப்படைத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பிள்ளை செல்லும் வீட்டுக்குப் பிள்ளையின் பொருளும் உடன் செல்லுதல் வேண்டும் என்னும் இவ்விதி நுட்பமானது. பிள்ளையைச் சுமை என்று பாட்டி வீட்டிலே தள்ளிவிட்டுச் சொத்தோடு புதுமணம் புகுதலைத் தடுப்பது. ஆனால் அங்கும் பிள்ளையை வினவுதல் இல்லை. மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையைச் சுவீகரிக்கும் வழமையிலும் உறவினர் சம்மதமே பேசப்படும்.

1941ஆம் ஆண்டுப் பிள்ளைகள் மகவேற்புச் சட்டமோ, பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும் என்றது. உலகப் பேச்சு நெடுங்காலம் பின்னரே இவ்விடத்துக்கு வந்தது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் பன்னிரண்டாம் உறுப்புரை, தன் கருத்தைத் தான் உருவாக்க வல்ல பிள்ளை, தன்னைப் பற்றிய எப்பொருளிலும் அதனை உரைக்கலாம் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது. இலங்கை அதனை 1991ஆம் ஆண்டில் ஏற்றது.

கடல் கடந்து பரந்து வாழும் நம்மவர்க்கு மற்றொன்றும் தெரிந்திருத்தல் நன்று. பெற்றோருள் ஒருவர் மற்றவர் இசைவின்றிப் பிள்ளையைப் பிறநாட்டுக்குக் கொண்டு செல்லுமிடத்து, அப்பிள்ளையை வழக்கமாக உறைந்த நாட்டுக்கே திருப்ப வகைசெய்வது 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம். இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கு இடமளித்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே அது உரியது. அதிலும், போதிய வயதும் முதிர்ச்சியும் உடைய பிள்ளை மீள மறுப்பின், மன்றம் திருப்பாது விடலாம் என்றொரு விலக்கு உண்டு. கப்பல் போய் விமானம் வந்ததேயன்றி, நாராயணய்யாவின் வழக்கிலே எழுந்த வினாவேதான் அங்கே எழுகின்றது. தொறன்ரோவிலோ பாரிசிலோ பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் பிணக்கினிடையே ஊருக்குக் கொணர்ந்து பாட்டியாரிடம் விட்டுச் செல்லும்போது, தமிழ் வாசிக்கத் தெரியாத அப்பிள்ளை எம் வகுப்பிலே கடைசி வாங்கில் வந்து அமர்கின்றது.

அடையாற்று வழக்கினர் பின்னர் யாது ஆயினர் என்று மாணவர் வினவுவர். நாராயணய்யா 1924ஆம் ஆண்டில் இறந்தார். கிருஷ்ணமூர்த்தி 1929ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ஒல்லாந்து நாட்டு ஒம்மென் என்னுமிடத்திலே, தம்மைத் தலைவராகக் கொண்டு எழுந்த அச்சங்கத்தைத் தாமே கலைத்து, தாம் யார்க்கும் குரு அல்லர் என்று விலகினார். 1986ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தம்மை எழுதி வைத்த ஓலைகள் எல்லாவற்றையும் அவர் ஒருங்கே கிழித்தார் எனலாம்.

நித்தியானந்தரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வழக்கு நடந்தபொழுது அவர்க்கு வயது பதினான்கு. கோமறைக் கழகமும் ‘பிள்ளைகள்’ என்று இருவரையும் ஒன்றாகவே கூறியது. தமையனுக்காகவே தந்தையிடமிருந்து கொண்டு செல்லப்பட்டவர் அவர். தெய்வமாகக் கருதப்பட்டவர் அவர் அல்லர். தனித்துக் கேட்டிருப்பின் தந்தையிடம் மீள்வேன் என்பாரோ, தமையனைப் பிரியேன் என்பாரோ? என்புருக்கி நோயினால் நலிந்து, 1925ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, கலிபோர்னியாவில் ஓசாய் என்னுமிடத்தில் அவர் உயிர் நீத்தார். தமையனார் அப்பொழுது அருகில் இல்லை. அடையாற்றுக்கு வரும் வழியிலே, கடற்பயணத்தில், அவர்க்குத் தந்தி கிடைத்தது. கப்பல் கொழும்புத் துறையை அடைய இன்னும் பல நாள் இருந்தது.